இரைப்பை அறுவையும் வழித்துணையும்



உணவைப் பற்றிய பேச்சு எழுந்தால், நம் நாட்டில் நெடுங்காலம் ஒரே கவலைதான் முன்னே நின்றது. அது பசிக் கவலை. மழை பொய்த்தால் என் செய்வது, குதிர் வற்றினால் குழந்தைகளுக்கு எதை ஊட்டுவது என்பவையே நம் முன்னோரின் கேள்விகள். அக்கேள்விகள் இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அவற்றின் பக்கத்திலேயே வேறொரு கேள்வியும் இப்பொழுது எழுந்திருக்கிறது. உடலில் கொழுப்பு மிகுந்து, அதுவே நோயாகி, நடக்கவும் நன்றாக மூச்சுவிடவும் இயலாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால் அவரை எவ்வாறு மீட்பது என்பதே அது. அதற்கு இக்கால மருத்துவம் கூறும் விடைகளில் ஒன்று அறுவை சிகிச்சை. அவ்வறுவையைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் அமைகின்ற அன்றாட வாழ்வைப் பற்றியும், அவ்வாழ்வில் ஒருவருக்கொருவர் துணையாவதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நாட்டின் நிலையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர். வயது வந்தோரில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் உடற்பருமன் உடையவர்கள். தமிழ்நாட்டில் நீரிழிவு உடையோர் நூற்றுக்கு 14 பேர். இவ்வெண்கள் பட்டணத்துச் செல்வர்களை மட்டும் குறிப்பவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. சிற்றூர்களிலும் இந்நோய் கால் ஊன்றிவிட்டது.

நான் வாழ்கின்ற கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமான பகுதி இது. கிழக்கே சமவெளி, மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை. சமவெளியில் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகின்றன. மலைமேல் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். இன்று மலையிலும் சமவெளியிலும் தட்டில் மிகுதியாக இருப்பது வெள்ளையரிசிச் சோறு. ஏர் பிடித்த கை டிராக்டரைத் திருப்புகிறது. இரண்டு கல் தொலைவை நடந்து கடந்த கால் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்கிறது. உழைப்பு குறைந்தது, மாவுச்சத்தும் சர்க்கரையும் குறையவில்லை. ஒரே தெருவில் இரத்தச் சோகையால் வெளுத்த குழந்தையையும், உடற்பருமனால் வருந்தும் பெரியவரையும் காண்கிறோம். இரண்டும் ஊட்டக் குறைபாட்டின் இரு முகங்களே.

உடற்பருமன் என்பது என்ன? அதை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தது அது. ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் அளந்து, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்குங்கள். பெருக்கி வந்த தொகையால் எடையை வகுங்கள். விடையை உடல் நிறை எண் என்கிறோம். இந்தியர்களுக்கு அது 23-க்கு மேற்பட்டால் எடை மிகுதி. 25-ஐ எட்டினால் பருமன். என்னுடைய உயரம் 1.60 மீட்டர், எடை ஒரு காலத்தில் 118 கிலோ. கணக்கிட்டுப் பாருங்கள், 46 என்று வரும்.

இவ்வாறு பருத்தவரைக் கண்டால், “வாயைக் கட்டத் தெரியாதவர்” என்று உலகம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. பெற்றோர் வழியே வரும் மரபியல்பு, உறக்கக் குறைவு, மனச்சுமை, சில மருந்துகள், மலிவாகக் கிடைக்கும் உணவின் தன்மை ஆகிய பலவும் இதில் பங்கு கொள்கின்றன. மேலும், உடல் ஒருமுறை பருத்துவிட்டால் மூளை அந்த எடையையே இயல்பானதாகக் கொண்டு காக்க முற்படுகிறது. பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவரின் உடல், பசியை மிகுதிப்படுத்தியும் சக்தியைச் சிக்கனமாகச் செலவிட்டும் இழந்ததை மீட்கப் பார்க்கிறது. ஆதலால்தான் பலருக்கு இளைத்த உடல் மீண்டும் பருக்கிறது. இது நெஞ்சுறுதியின் குறைவு அன்று, உடலின் இயற்கை.

இந்த இயற்கையோடு போராடுவதற்கே அறுவை சிகிச்சை பிறந்தது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்று ‘பைபாஸ்’ எனப்படுவது. இன்னொரு முறைக்கு ‘ஸ்லீவ்’ என்று பெயர். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் வடிவிலான குழலாக விட்டுவிடுவது அது. வயிற்றை அகலமாகக் கிழிப்பதில்லை. சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பை சிறிதானதால் உணவு குறைகிறது என்பது இதன் ஒரு பாதிதான். மறு பாதி அதைவிட வியப்பானது. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். பசியைத் தூண்டுவது அது. பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரப்பது. ஸ்லீவ் முறையில் அப்பகுதியே நீங்குவதால் பசியின் குரல் தணிகிறது. குடலிலிருந்து எழும் மற்றைய ஹார்மோன்களும் மாறி, “போதும்” என்ற செய்தி மூளைக்கு விரைவில் எட்டுகிறது. நீரிழிவு உடையோர் பலருக்கு, எடை குறைவதற்கு முன்னரே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

இது அழகுக்காகச் செய்யும் சிகிச்சை அன்று. உடல் நிறை எண் 35-க்கு மேற்பட்டவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே ஆராயலாம் என்றும் பன்னாட்டு மருத்துவ சங்கங்கள் 2022-இல் வரையறுத்தன. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, ஏறத்தாழ 4,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததை அது 2007-இல் எடுத்துக் காட்டியது. இடர் இல்லாமலும் இல்லை. தையலில் கசிவு, இரத்தப் போக்கு, நாளத்தில் இரத்தம் உறைதல் ஆகியவை சிலருக்கு நேரலாம். மிகச் சிலர் உயிரிழப்பதும் உண்டு. இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இனி, புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். நான் ஒரு பள்ளி ஆசிரியை. அறுவைக்கு முன் என் நாட்கள் எப்படி இருந்தன? பேருந்தில் இருவர் இருக்கையில் நான் அமர்ந்தால் அடுத்தவர் எழுந்து நிற்பார்; ஆகவே நானே நின்றுகொண்டு வருவேன். தரையில் பாய் விரித்த வீடுகளுக்குச் செல்ல அஞ்சுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்கவேண்டும். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் வந்து, விடியும்போது தூங்காதவளைப்போல எழுவேன். மாடியிலுள்ள வகுப்புக்கு ஏறிச் சென்று, பாடம் தொடங்குமுன் இரைப்பு அடங்குவதற்காகக் கரும்பலகையைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருப்பேன். முழங்கால் வலியும், நீரிழிவும், இரத்த அழுத்தமும் இவற்றோடு சேர்ந்தன.

அறுவைக்கு முன்னும் சில வாரங்கள் ஆயத்தம் வேண்டும். இதயம், நுரையீரல், இரத்தம் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்புக் குறைவதற்காக மாவுச்சத்துக் குறைந்த உணவைத் தருகிறார்கள். மூச்சுப் பயிற்சி கற்பிக்கிறார்கள். மனநல ஆலோசகரும் பேசுகிறார். மருத்துவர்கள் அன்போடும் பொறுமையோடும் விளக்கினார்கள். ஆயினும் என்னிடம் சில கேள்விகள் எஞ்சியிருந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குச் சென்று அறுவை செய்துகொண்டு, எத்தனையாம் நாள் பேருந்தில் திரும்பி வரலாம்? பொங்கலன்று வீட்டில் என்ன சொல்வது? மாமியாரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது? பயம் இல்லாமல் மயக்க மருந்தை ஏற்பது எப்படி? இவற்றுக்கு விடை சொல்லத்தக்கவர், அதே வழியில் நடந்து முடித்த ஒருவரே. என் நல்வினையாக, சின்னசேலத்துப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் எனக்கு ஈராண்டுகள் முன்னதாக அறுவை செய்துகொண்டிருந்தார். அவரோடு பேசிய அரை மணி நேரம் எனக்குப் பெரிய மருந்தாயிற்று.

அறுவைக்குப் பின் உணவு படிப்படியாக வருகிறது. முதல் நாட்களில் தெளிந்த நீர், இளநீர், வடிகட்டிய பருப்பு நீர். அதுவும் சிறு கிண்ணத்தில், வாய் வாயாக. பிறகு மோர், பால், குழைந்த கஞ்சி. மூன்றாம் வாரமளவில் நன்றாக மசித்த உணவு. ஒன்றரை, இரண்டு மாதங்கள் கழித்தே வழக்கமான உணவு. நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அதை விலையுயர்ந்த மாவுகளில்தான் தேடவேண்டும் என்பதில்லை. முட்டை, தயிர், கொள்ளு, தட்டைப்பயறு, வேகவைத்த நிலக்கடலை ஆகியவை நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு அல்லது சாமைச் சோறு என்பது எங்கள் வரிசை. ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மெல்லவேண்டும். உண்ணும்போது தண்ணீர் குடிக்கலாகாது. அரை மணி நேரம் கழித்தே குடிக்கவேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பை மிகுதியாக உண்டால், உணவு குடலுக்குள் விரைந்து பாய்ந்து, படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் வரும்.

இவ்விதிகளைக் கற்பது எளிது. நம் சமூகத்தில் இருந்துகொண்டு கடைப்பிடிப்பதே அரிது. நம்முடைய அன்பு இலையின் வழியே வெளிப்படுவது. “இன்னும் ஒரு கரண்டி” என்று சொல்லாத வீடு ஏது? மூன்று கவளத்தில் வயிறு நிறைந்தவரிடம் நான்காவது கவளத்தை வற்புறுத்தினால், அது அன்பாகச் செல்லாது; நெஞ்சில் அடைத்து, வாந்தியாக வெளிவரும். அடுத்து வருவது இளைப்பைப் பற்றிய கேள்வி. “ஏன் இப்படித் துரும்பாக இளைத்துவிட்டாய்? சர்க்கரை வியாதியா?” என்று சந்தையில் கேட்பார்கள். பருத்தபோது சிரித்தவர்களே, இளைத்தபோது இரங்குகிறார்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் தலைமயிர் வேறு கொட்டும். அது மீண்டும் வளரும் என்று தெரியாதவர் கலங்கிப் போவார். தோல் தளர்ந்து தொங்கும். கண்ணாடியில் காண்பவர் யாரோ அயலார்போலத் தோன்றுவார். துயரம் வந்தபோதெல்லாம் உணவில் ஆறுதல் தேடியவருக்கு, அந்த ஆறுதலும் போய்விடுகிறது. இம்மனத் துயரைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும்.

நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாவது புதிய கருத்து அன்று. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், காசநோய் கொண்ட ஏழைகளை வாரந்தோறும் ஓரிடத்தில் கூடச் செய்தார். மலைவாசத்து மருத்துவ விடுதிகளுக்குச் செல்லப் பணம் இல்லாதவர்கள் அவர்கள். உணவையும் ஓய்வையும் ஏட்டில் குறித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். எடை கூடியவரைக் கண்டு மற்றவர் நம்பிக்கை கொண்டனர். 1961-இல் நியூயார்க் நகரத்து இல்லத்தரசி ஜீன் நைடிட்ச், எடை குறைக்க முயன்றபோது, ஒளித்துவைத்துத் தின்னும் பழக்கத்தைத் தனியே வெல்ல முடியாமல், தம்மைப் போன்ற தோழியர் சிலரை வீட்டுக்கு அழைத்து உள்ளதை உள்ளபடி பேசினார். அக்கூட்டமே வளர்ந்து, 1963-இல் ஒரு பெரிய நிறுவனமாயிற்று. நமக்கும் இது அயலானது அன்று. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களை எண்ணிப் பாருங்கள். தனித்தனியே கடன்காரருக்கு அஞ்சிய பெண்கள், வட்டமாக உட்கார்ந்தபோது அச்சம் நீங்கினார்கள். அச்சமும் வெட்கமும் தனிமையில் வளர்பவை, கூட்டத்தில் தேய்பவை.

எங்களுடையது மிகச் சிறிய வட்டம். பெயரும் இல்லை, பலகையும் இல்லை. நடத்துநர் அண்ணன், நான், சங்கராபுரத்து எழுத்தர் ஒருவர், கல்வராயன் மலையிலுள்ள சிற்றூரில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர், கச்சிராயபாளையத்து இளைஞர் ஒருவர், ஆக ஐவர். மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சியில் கூடுவோம். மற்ற நாட்களில் தொலைபேசியில் பேசுவோம். எங்களுக்குள் நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவருடைய எடையை மற்றவருடைய எடையோடு ஒப்பிடக் கூடாது. யாரும் யாருக்கும் மருந்து சொல்லக் கூடாது. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. உடலில் புதிதாக ஒரு தொல்லை தோன்றினால், முதலில் மருத்துவரிடமே செல்லவேண்டும்.

இவ்வட்டத்தின் பயனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். மலையிலுள்ள அச்சகோதரி அறுவை செய்துகொண்டதைக் கணவரையன்றி வீட்டார் எவருக்கும் சொல்லவில்லை. “தின்று பெருத்தாள், அறுத்து இளைத்தாள்” என்று சொல்வார்களே என்ற வெட்கம். இரண்டு மாதங்கள் கடந்த சமயத்தில் அவருக்கு ஓயாத வாந்தி வந்தது. வாந்தியைப் பிறர் காணக் கூடாதென்று தோட்டத்துப் பக்கம் சென்று வருவார். சத்து மாத்திரைகளும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் வாரத்தில் சோர்ந்து விழுந்தார். உறவினர் அவரை அடிவாரத்தில் ஒரு சிறு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, “இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்” என்று உட்காரவைத்தனர். நம் ஊர்களில் சோர்வு என்றாலே இதுதானே வழக்கம்!

அங்கே காத்திருந்தபோது அவர் நடத்துநர் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார். “அண்ணா, கால் மரத்துப் போயிற்று. செருப்பு கழன்று விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை” என்றார். அண்ணனுக்கு அவருடைய மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்த எச்சரிக்கை உடனே நினைவுக்கு வந்தது. “தங்கச்சி, வெட்கப்படாதே. இரைப்பையில் அறுவை செய்திருக்கிறது, மூன்று வாரமாக வாந்தி, கால் மரப்பு, இந்த மூன்றையும் இப்போதே மருத்துவரிடம் சொல். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் சொல்” என்றார். அவர் சொன்னார். மருத்துவர் நிலையை உணர்ந்து, முதலில் வைட்டமின் பி1 ஊசியைச் செலுத்தி, உடனே சேலத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். பல வாரங்கள் கழித்து அச்சகோதரி மீண்டும் தையல் இயந்திரத்தை மிதித்தார்.

இதன் காரணத்தை அறிவியல் மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1, உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். ஓயாத வாந்தியால் அது தீர்ந்துவிடும். அது குறைந்தால் நரம்புகள் தளரும். தீட்டிய அரிசியையே உண்டவர்களிடம் முற்காலத்தில் கண்ட பெரிபெரி நோய் இதுவே. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க தயமின் இன்றியமையாதது. அது இல்லாத உடலில் குளுக்கோஸைச் செலுத்தினால், எஞ்சியிருக்கும் சிறிதளவும் செலவாகி, மூளையே பழுதுபடக் கூடும். ஆகவே தயமினை முதலில் தரவேண்டும். ஒரு சொல்லை வெட்கத்தால் மறைத்திருந்தால் நலமே பறிபோயிருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவைத் தந்தது ஒரு துணைவரின் குரல்.

பி1 மட்டுமன்று, பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றையும் மருத்துவர் சொன்னபடி வாழ்நாள் முழுதும் கவனித்துவர வேண்டும். ஆண்டுதோறும் இரத்தச் சோதனை வேண்டும். மணமான பெண்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சென்னையின் அரசு மருத்துவமனைகளிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது; ஆனால் அறுவை அங்கே முடிந்தாலும் வாழ்வு இங்கேதான் நடக்கிறது. மலைப்பாதையில் இறங்கி, பேருந்து மாறி, தலைநகருக்கு அடிக்கடி செல்வது எல்லோராலும் ஆகுமா? ஆகவே, மருத்துவரைக் காணவேண்டிய நாளை நினைவூட்டவும், உடன் வரவும் அருகில் ஒருவர் இருப்பது எத்துணைப் பயன்!

துணையின் எல்லையையும் சொல்லவேண்டும். அறுவைக்குப் பின் இத்தகைய கூட்டங்களுக்குத் தொடர்ந்து செல்பவர்கள் மிகுதியாக எடை குறைகிறார்கள் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் ஊக்கம் மிக்கவர்களே கூட்டத்துக்கு வருகிறார்கள் என்பதும் ஒரு காரணமாகலாம். எல்லாப் பெருமையையும் கூட்டத்துக்கே தந்துவிட முடியாது. மேலும், ஒருவருக்கு ஒத்துக்கொண்டது மற்றவருக்கு ஒவ்வாது. அறிந்தவர்போலப் பேசும் தோழர், அறியாத மருத்துவரைவிட ஆபத்தானவர். வழித்துணை என்பவர் வழியைக் காட்டலாம், வைத்தியராகிவிடக் கூடாது.

இன்னொரு செய்தியை எங்கள் ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் விடமுடியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடியின் கொடுமையை நேரில் கண்ட ஊர் இது. இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கு நல்ல சாராயம், கள்ளச்சாராயம் என்ற வேறுபாடின்றி மது தனியொரு பகையாகும். உட்கொண்ட மது விரைவாகக் குடலைச் சேர்ந்து, இரத்தத்தில் முன்னினும் வேகமாக ஏறுகிறது. உணவில் தேடிய ஆறுதலைச் சிலர் மதுவில் தேடத் தொடங்குகிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே, இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கம் மிகுவதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். எங்கள் வட்டத்து இளைஞரும் அவ்வழியில் கால் வைத்தார். வீட்டார் திட்டினர், அவர் மறைத்தார். நாங்கள் திட்டவில்லை, “மாலை ஆறு மணிக்கு உனக்கு என்ன ஆகிறது?” என்று கேட்டோம். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கிய பிறகே அவர் மனநல மருத்துவரிடம் வர இசைந்தார். இன்றும் மாலை ஆறு மணிக்கு எங்களில் ஒருவர் அவரோடு தொலைபேசியில் பேசுகிறோம்.

சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து எடை ஓரளவு திரும்புவதும் உண்டு. அது தோல்வி அன்று. நெடுநாள் நோயின் இயல்பு. இன்று எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எதைத் தேர்ந்தாலும் தட்டையும் நடையையும் உறக்கத்தையும் நாள்தோறும் கவனிக்கும் கடமை நீங்குவதில்லை. நான் இப்போது 76 கிலோ. வகுப்பறைக்கு நேராகவே நடந்து சென்று பாடத்தைத் தொடங்குகிறேன். நீரிழிவு மாத்திரை நின்றிருக்கிறது, சோதனை நிற்கவில்லை.

மாணவர்களே, இவற்றையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? உங்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படப் போவதில்லை. தேவைப்படாமல் இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம். நாள்தோறும் ஒரு மணி நேரம் வியர்க்க ஆடுங்கள். இனிப்பு நீரைக் குறையுங்கள். மலைச் சாமையையும் கேழ்வரகையும் பழையன என்று ஒதுக்காதீர்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை உங்களிடம் எதிர்பார்க்கிறேன். உங்கள் வகுப்பில் பருத்த உடலுடைய ஒரு பையனோ பெண்ணோ இருக்கலாம். அவருக்கு நீங்கள் வைக்கும் பட்டப்பெயர், உங்களுக்கு ஒரு நிமிடச் சிரிப்பு. அவருக்கோ அது, தம்மைப் பற்றிய உண்மையை மறைக்கக் கற்பிக்கும் முதற்பாடம். இன்று விளையாட்டு மைதானத்தில் மறைந்துகொள்ளும் குழந்தையே, நாளை தோட்டத்துப் பக்கம் சென்று வாந்தியை மறைக்கும் பெண்மணி.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இவ்வறுவை செய்துகொண்டவர் இருந்தால், இலையில் வற்புறுத்தாதீர்கள், “எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டுப் பரிமாறுங்கள். இளைத்ததைப் பற்றிக் கேள்வி கேட்காமல், “மாலையில் நடக்கப் போகிறேன், வருகிறீர்களா?” என்று அழையுங்கள். மாத்திரைக்கும் சோதனைக்கும் உரிய நாளை நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள். நோயாளி வாய்திறந்து தம் நிலையைச் சொல்லும் வீடே, மருத்துவமனைக்கு அடுத்த சிறந்த மருத்துவமனை. அறுவை மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்குவார். வெட்கத்தைச் சிறிதாக்கும் பணி நம் எல்லோருக்கும் உரியது. அதற்குப் பட்டமும் வேண்டா, கருவியும் வேண்டா. கேட்கும் செவி இருந்தால் போதும்.